மதுரைக்கு ஃபுட்பால் கிளப் வேண்டும், சரி. காசு யாருடையது?

ரேஸ்கோர்ஸ் பக்கம் பந்து ஆடுகிற பசங்களிடம் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. மதுரை பெயரில் ஆண்களுக்கு ஒரு தொழில்முறை கிளப் வேண்டுமாம். யாராவது ஒரு பெரிய கை வந்து பணத்தைக் கொட்டினால் எல்லாம் நடந்துவிடுமாம். கிளப் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தப் பெரிய கை விஷயத்தில்தான் சண்டை. பதிவு நீளம், அவசரமாக இருப்பவர்கள் நகர்ந்துவிடலாம்.

பெரிய கை இருந்தால் என்ன ஆகும் என்று 2025 ஆகஸ்டிலேயே பார்த்தோம். நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். புதுப்பிப்பார்களா, சீசன் நடக்குமா, ஒன்றும் தெரியவில்லை. பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்சி செயல்பாடுகளையே நிறுத்தி வைத்தது. பெங்களூரு கிளப்பின் முதலாளி ஜேஎஸ்டபிள்யூ, இரும்பு ஆலைகள் நடத்துகிற குழுமம். அவர்களிடம் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நடக்குமா என்றே தெரியாத சீசனுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது ஒரு வியாபாரியின் நியாயமான கேள்வி. அந்த நியாயத்தில் ஒரு ஊரின் அணி தொங்குகிறது, அவ்வளவுதான் என் கவலை.

நம்ம மாநிலத்துக் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2019ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கோப்பையைக் கோயம்புத்தூரில் தூக்கியது சென்னை சிட்டி எஃப்சி. அதே வருஷம் இந்திய மகளிர் லீக்கை வென்றது நம்ம மதுரையின் சேது எஃப்சி. ஒரே வருஷத்தில் இரண்டு தேசியப் பட்டங்கள் தமிழ்நாட்டுக்கு! இதை நம்மூர் ஃபுட்பால் பைத்தியங்களிடம் கேட்டால்கூடப் பாதிப் பேருக்கு நினைவில்லை, அது தனி வயிற்றெரிச்சல். சில வருஷங்களில் சென்னை சிட்டி தேசிய லீக்கிலேயே இல்லை. சேது பெண்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் ஒரு கல்விக் குழுமத்தின் ஆதரவு இருப்பதால். அந்த ஆதரவுக்கு நன்றி. ஆனால் நாளைக்கு அவர்கள் போதும் என்று நினைத்தால் மதுரைக்காரன் கேள்வி கேட்க எந்த உரிமையும் கிடையாது.

இங்கிலாந்து நமக்கு முன்னாலேயே இந்தக் குழியில் விழுந்த ஊர். பரி எஃப்சி 1885ல் தொடங்கிய கிளப், எஃப்ஏ கோப்பையை, அதாவது அந்த நாட்டின் பெரிய நாக்-அவுட் கோப்பையை, இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் அதை விற்ற விலை ஒரு பவுண்டு. இன்றைக்குக் கணக்கில் நூறு ரூபாய் சொச்சம். அதற்கு முன்பே மைதானத்தின் கார் நிறுத்துமிடங்களைக்கூடத் துண்டு போட்டு முதலீடு என்று விற்றிருந்தார்கள். மைதானமே அடமானத்தில் இருந்தது. 2019ல் வீரர்கள் சம்பளம் பாக்கியோடு ஆடி அணியை மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் லீக் அந்தக் கிளப்பையே வெளியே தள்ளியது.

போர்ட்ஸ்மத் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப் விவகாரத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். 2008ல் எஃப்ஏ கோப்பை. 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகம், அங்கே முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் கிளப் ஒன்றுக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. கடன் 10 கோடி பவுண்டுக்கு மேல். அங்கே ஒரு விதி உண்டு. கிளப் நொடித்தால் மற்ற கிளப்களுக்கும் வீரர்களுக்கும் உள்ள பாக்கியை முழுசாகத் தீர்த்தால்தான் லீக்கில் இடம். மிச்சப் பேர் எல்லாம் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த மிச்சப் பேரில் யார் தெரியுமா? மேட்ச் அன்றைக்கு முதலுதவிக்கு நிற்கிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு, உள்ளூர்ச் சின்னக் கடைகள், வரித்துறை. கோடிகளில் சம்பளம் வாங்கியவனுக்கு முழுப் பணம், முதலுதவிப் பெட்டியோடு நின்றவருக்குப் பவுண்டுக்கு 20 பென்ஸ், அதாவது ஐந்தில் ஒரு பங்கு என்று பேச்சு. வரித்துறை கோர்ட்டுக்குப் போய் 2012ல் தோற்றும் போனது.

அதே 2012ல் கிளப் மறுபடியும் நொடித்தது. 2013ல் ரசிகர்கள் அறக்கட்டளை அமைத்து, ஆளுக்கு 1,000 பவுண்டு என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டு வாங்கினார்கள். பழைய கடனை அடைத்தார்கள். 2017ல் நான்காம் டிவிஷனை வென்ற கையோடு, ஒரு அமெரிக்கப் பணக்காரருக்கு விற்கலாமா என்று தங்களுக்குள்ளேயே ஓட்டு எடுத்து விற்றும் விட்டார்கள். பழைய மைதானத்தைச் செப்பனிட அவர்களிடம் பணம் இல்லை. ரசிகர் கிளப் என்பதே தோல்வி என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனோடு வந்த வீட்டின் கடனை அடைத்து, யாருக்குத் தருவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். பரி ஊர்க்காரர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

மேலூர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். துபாய் சம்பாத்தியமானாலும் கூலி வேலையானாலும் ஒரே தொகை. எல்லாம் முடிந்ததும் மந்தையில் உட்கார்ந்து வரவு செலவை வாசிப்பார்கள். வாணவேடிக்கைக்கு எதற்கு இவ்வளவு என்று யாராவது ஒரு பெரியப்பா எழுந்து கேட்பார், சத்தம் கிளம்பும். அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டும். யாரைத் தலைக்கட்டில் சேர்ப்பது, யாரை விடுவது என்று சில ஊர்களில் நடக்கிற அசிங்கம் மட்டும் வேண்டாம். கிளப்பில் பணம் கட்டிய யாரும் உறுப்பினர், பெண்களும்தான்.

ஆனால் உறுப்பினர் ஓட்டு இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் பார்சிலோனாவைப் பார்க்க வேண்டும். சுமார் 1.4 லட்சம் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். 2021ல் கடன் 130 கோடி யூரோவுக்கு மேல், சம்பளம் மட்டுமே வருமானத்தில் 103 சதவீதம் என்று தலைவரே சொன்னார். மெஸ்ஸி அழுதுகொண்டே கிளம்பினார். அடுத்த வருஷம் லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருஷத்துக்கு விற்றார்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள், ஆனால் நட்சத்திரங்களை வாங்கித் தருகிறேன் என்கிறவருக்கே போட்டார்கள். இது நமக்குப் புதிதா என்ன?

ஜெர்மனியில் 1998லிருந்து, பாதி ஓட்டுக்கு மேல் ஒரு ஓட்டு உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்கிறார்கள். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் கிளப்களுக்கு விலக்கு, லைப்சிக் கிளப் போல ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களைச் சிலராகச் சுருக்கிக்கொள்ளும் குறுக்கு வழிகளும் உண்டு. அந்த ஓட்டைவிட எனக்குப் பிடித்தது வேறு: அடுத்த சீசன் முழுவதும் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா என்று வருஷா வருஷம் கணக்கைச் சோதித்துத்தான் உரிமம் தருகிறார்கள்.

ஆகவே என் யோசனை. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1983ல் ஆளுக்கு ஒரு ஓட்டு ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியில் பதிவு செய்யலாமா என்று தெரிந்த வக்கீல் யாராவது கமெண்டில் சொல்லுங்கள். துணைவிதியில் மூன்று வரி எழுதினால் போதும். சம்பளம் போன வருஷ வருமானத்தில் 60 சதவீதம் தாண்டக் கூடாது. பொதுக்குழு ஒப்புக்கொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது. யாராவது பெரிய மனிதர் பணம் போட்டால் அது நன்கொடையா கைமாற்றா என்று அன்றைக்கே எழுதி ஒட்ட வேண்டும். மாவட்ட லீக்கிலிருந்து தொடங்கட்டும். லண்டனின் ஏஎஃப்சி விம்பிள்டன் கிளப்பை ரசிகர்களே 2002ல் பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்துத் தொடங்கி, இங்கிலாந்து லீக் வரிசையில் ஒன்பதாம் படியிலிருந்து 2011ல் நான்காம் படிக்கு வந்தார்கள்.

மைதானத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ரேஸ்கோர்ஸ் அரசு மைதானம், வாடகைக்குத்தான் கிடைக்கும். அது நல்லதுதான். அடமானம் வைக்க யாராலும் முடியாது.