கியூஎமுவில் ஓடியது, வியாசர்பாடி சிபியுவில் ஓடவில்லை

சொந்தமாகக் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதுகிறேன் என்றால் உடனே வரும் கேள்வி, "அதான் லினக்ஸ் இருக்கே, இது எதுக்கு?" எங்கள் பக்கத்து கேரம் கிளப்பில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஸ்டிரைக்கரைத் தட்டிக்கொண்டிருப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அதனால் அந்தக் கேள்வியை விடுகிறேன். என் சண்டை வேறு ஆட்களோடு. கியூஎமுவில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் சாஃப்ட்வேரில், கெர்னலை ஓட்டி, கருப்புத் திரையில் ஹலோ வந்ததும் ஸ்கிரீன்ஷாட் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று போகிறவர்கள். போன வருஷம் வரை நானும் அதே கட்சிதான்.

வியாசர்பாடியில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். சிபியு எல்லாம் காயலான் கடைக்குப் போக வாசலில் அடுக்கியிருந்தது. "ஐந்நூறு குடு தம்பி, கீபோர்டையும் சேத்து எட்துனு போ" என்றார் கடைக்கார அண்ணன். தண்டையார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் வந்தேன். சிபியுவுக்கும் ஒரு சீட்டுக் காசு வாங்கிவிட்டார்கள்.

கெர்னலை ஏற்றிய பென் டிரைவைச் செருகி பூட் செய்தேன். "வணக்கம்" என்று ஆங்கில எழுத்தில் வர வேண்டிய இடத்தில் ஒரு சிரித்த முகம், இரண்டு இதயம், அப்புறம் என்னென்னவோ.

மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற புரோகிராம். அது செய்வது கொஞ்சம்தான். பென் டிரைவின் முதல் 512 பைட்டை எடுத்து மெமரியில் 31,744 என்ற முகவரியில் இறக்கும். கடைசி இரண்டு பைட் 85, 170 என்று இருந்தால், இனி உன் பாடு என்று நம் கோடுக்குள் குதித்துவிடும். அந்த நேரத்தில் ரெஜிஸ்டர்களில் (பிராசசருக்குள் இருக்கும் குட்டிச் சேமிப்பிடங்கள்) என்ன கிடக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டேட்டாவை மெமரியில் எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் டேட்டா செக்மென்ட் ரெஜிஸ்டரை நான் பூஜ்யமாக்கவே இல்லை. அதனால் வணக்கத்துக்குப் பதில் வேறு எங்கோ கிடந்த குப்பை திரைக்கு வந்தது. கியூஎமு வரும்போதே அதைப் பூஜ்யமாக்கித் தந்ததால் என் தப்பு மூன்று மாதம் ஒளிந்திருந்தது. கண்டுபிடிக்க நாலு ராத்திரி. திருத்த இரண்டு வரி.

அடுத்தது ஏ20. இதைக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1978இல் வந்த 8086 சிப்புக்கு முகவரிக் கம்பி 20தான். ஒரு எம்பியைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கே சுற்றி வந்துவிடும். சில புரோகிராம்கள் அந்தச் சுற்றலை நம்பியே எழுதப்பட்டுவிட்டன. 1984இல் கூடுதல் கம்பிகளோடு ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டர் வந்தபோது, அவை கெட்டுப்போகாமல் இருக்க 21ஆவது கம்பியை (பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் பெயர் ஏ20) மூடித் திறக்க ஒரு வழி தேவைப்பட்டது. கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பில் ஒரு கால் சும்மா இருந்தது, அதில் கட்டிவிட்டார்கள்! எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுப்பாரே, அதே வேலை. கல்லூரியில் எங்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வரைந்து காட்டிய படத்தில் இந்த வயர் இல்லை. கியூஎமுவில் ஏ20 திறந்தே கிடக்கும். என் சிபியுவில் மூடியிருந்தது. ஒரு எம்பியில் வைத்த கெர்னல் பூஜ்யத்தில் போய் விழுந்து, அங்கிருந்த இன்டரப்ட் டேபிளை (கீபோர்டு மாதிரி சாதனங்கள் கூப்பிட்டால் எந்தக் கோடுக்குப் போவது என்ற பட்டியல்) துடைத்துவிட்டது.

டிரிபிள் ஃபால்ட் வேறு. பிழையைக் கையாளப் போன இடத்தில் பிழை, அதைக் கையாளப் போன இடத்தில் இன்னொன்று என்றால் மெஷின் ஒரு வார்த்தை சொல்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். கியூஎமுவில் லாக் எடுத்துப் பார்க்கலாம். இங்கே மதர்போர்டு கம்பெனி லோகோ திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் கரண்ட் பில்லு இவ்ளோ வருதா?" என்றாள்.

கியூஎமு வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது நிஜ மெஷினில் போடுங்கள். பழசாகப் பாருங்கள், புது லேப்டாப் பலவற்றில் பழைய பயாஸ் முறையே கிடையாது, அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ மட்டும்தான். பென் டிரைவில் கெர்னலை எழுதும், அங்கிருப்பதை அழித்துவிடும் டிடி கட்டளையில் எந்த டிஸ்க் என்பதை இரண்டு தடவை படியுங்கள். ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

இப்போது கீபோர்டு வேலை செய்கிறது. அக்கா பையன் தன் பெயரை அடித்தான். விசையை அழுத்தும்போது ஒரு எண், விடும்போது அதோடு 128 கூட்டி இன்னொரு எண் வரும். இரண்டாவதை நான் தள்ளாததால் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு குப்பை எழுத்து விழுந்தது. அதைச் சரிசெய்துவிட்டேன். பேக்ஸ்பேஸ் இன்னும் எழுதவில்லை. தப்பாக அடித்தால் பவர் பட்டன்தான். அதை அவனே கண்டுபிடித்துக்கொண்டான்.