புயலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கூரை தப்பாது

மொரீஷியஸில் நவம்பர் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும்: "காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், உள்ளழுத்தம் குறைந்து கூரை தப்பும்." இது தவறு.

எந்த வீடும் காற்றுப் புகாத டப்பா இல்லை. கதவிடுக்கு வழியாகவே அழுத்தம் சமமாகிவிடும். கூரையைப் பிய்ப்பது வேறு விஷயம். தகரத்தின் மேல் பாயும் காற்று அதை வெளியிலிருந்து மேலே இழுக்கிறது. ஜன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்தும் தள்ளினால் ஆணி எத்தனை நேரம் தாங்கும்?

'காற்று அடிக்காத பக்கம்' என்பதும் நிலையில்லை. புயல் நகர நகரத் திசை மாறும். அதன் கண் (நடுவில் காற்று அடங்கியிருக்கும் பகுதி) வீட்டைக் கடந்தால் சற்று நேரம் அமைதி, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அதுவரை பத்திரமாக இருந்த ஜன்னல்தான் அப்போது அடி வாங்கும்.

கண்ணாடியில் பெருக்கல் குறிபோல டேப் ஒட்டுவதும் வீண். உடையத்தான் செய்யும். (பிசினைச் சுரண்டும் பாடு தனி.) ஷட்டரோ பலகையோ போடுங்கள்.

1960-இல் கரோல் புயலுக்குப் பிறகு கான்கிரீட் வீடுகள் பெருகின, சரி. பின்கட்டில் தகரக் கொட்டகை இல்லாத வீடு எத்தனை? அதன் திருகுகளைத் தைப்பூசக் காவடி வேலைகள் தொடங்கும் முன்பே முடுக்கிவிடுங்கள். 3-ஆம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தபின் ஏணியைத் தொடாதீர்கள்.