பெண் பார்க்க வந்தவனும் மஞ்சள் மூக்கு நாரையும்

(திருநெல்வேலி மாவட்டம், கூந்தன்குளம். மார்ச் மாதம். முற்றத்துக் கருவேல மரம் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள். பெண் பார்க்க வெள்ளைச் சட்டையில் வந்திருக்கும் செல்வம் மரத்தடியிலிருந்து கத்துகிறான்.)

செல்வம்: அத்தான்! என் பைக் சீட்டில் பாதி செரித்த கெண்டை மீன் கிடக்கிறது!

அத்தான்: அப்படியானால் குஞ்சு கக்கியது. மிரண்டால் கக்கிவிடும். நீ ஏன் அங்கே போய் நின்றாய்? பாவம், இனி அது பசியோடு கிடக்கும்.

செல்வம்: என் பைக் பாவமில்லையா? ஒரு கல்லை விட்டெறிந்தால் எல்லாம் பறந்துவிடும்.

அத்தான்: கல்லா! தீபாவளிக்கே வெடி போடாத ஊர் மாப்பிள்ளை இது. அரசாங்கம் 1994-இல்தான் சரணாலயம் என்று அறிவித்தது. எங்களுக்கு இவை தாத்தா காலத்திலிருந்தே வீட்டு ஆட்கள்.

செல்வம்: நல்ல வீட்டு ஆட்கள்! அங்கே பாருங்கள், தன் காலிலேயே கழிந்துகொள்கிறது.

அத்தான்: வெயிலுக்காகச் செய்வது. அந்த ஈரம் உலரும்போது காலில் ஓடும் ரத்தம் குளிரும். கரண்ட் பில் வராத ஏசி.

செல்வம்: என் தோளில் விழுந்ததும் குளிர்ச்சிக்குத்தானா?

அத்தான்: அது குளத்தில் விழுந்திருக்க வேண்டியது. எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரச்செலவு குறையும். உன் சட்டையில் விழுந்தது எங்களுக்குத்தான் நஷ்டம்.

செல்வம்: பார்க்கவாவது லட்சணமாக இருக்கிறதா? முகத்தில் ஓர் இறகுகூட இல்லை.

அத்தான்: நன்றாகப் பார். நுனி வளைந்த மஞ்சள் அலகு. மார்பில் கறுப்புப் பட்டை. வாலை ஒட்டி ரோஜா நிற இறகு. சிறகை விரித்தால் ஐந்தடி. உன்னைப் பற்றிப் பெண் வீட்டில் இவ்வளவு சொல்ல எனக்கு விஷயம் கிடைக்கவில்லை.

செல்வம்: அந்த நீள அலகை வைத்துக்கொண்டு குறிபார்த்து மீன் பிடிக்குமாக்கும்?

அத்தான்: பார்க்கவே பார்க்காது. அலகைப் பாதி திறந்து கலங்கிய தண்ணீருக்குள் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் துழாவும். மீன் பட்ட கணத்தில் அலகு மூடிவிடும்.

செல்வம்: அது பார்க்காமலே பிடிக்கிறது. நான் எத்தனை வீட்டில் பார்த்தும் ஒன்றும் பிடிக்கவில்லை.

அத்தான்: உன்னைப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

செல்வம்: சரி, மேலே ஏன் இந்தக் கூச்சல்?

அத்தான்: எல்லாம் குஞ்சுகள். பெரிய நாரைகளுக்குக் குரல் அவ்வளவாகக் கிடையாது, அலகைப் படபடவென்று தட்டுவதுதான் பேச்சு. ஆனால் பொறுப்பைப் பார். உச்சிவெயிலில் சிறகை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். வாயில் தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றும்.

செல்வம்: அந்தத் தண்ணீரும் கடைசியில் கீழேதான் வரும். போதும் அத்தான், வேறு சட்டை கொடுங்கள். பெண் வீடு எங்கே?

அத்தான்: அடுத்த தெரு. வாசலில் இரண்டு புளியமரம், கூடு இல்லாத கிளையே இல்லை. பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பையன் எச்சத்துக்கு முகம் சுளிப்பானா என்று.

செல்வம்: (தோளைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டையைச் சட்டென்று மடித்துப் பைக்குள் வைக்கிறான்.) நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அத்தான்: நேரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். உள்ளே வா, சட்டை எடுத்துத் தருகிறேன்.

செல்வம்: வேண்டாம், இதுவே இருக்கட்டும். அலகு மஞ்சள்... மார்பில் கறுப்புப் பட்டை... ரோஜா நிறம் எந்தப் பக்கம் என்றீர்கள், அத்தான்?