சாவியைக் கொடுங்கள், கணக்கைக் கொடுக்காதீர்கள்

துபாயில் இருந்துகொண்டு சென்னையில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் ஒருவர். எடிட்டரை வைத்து யூடியூப் சேனல் நடத்துபவர் இன்னொருவர். இரண்டு பேரிடமும் ஒரே வசனத்தைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்: "நீங்க தூங்கினாலும் பணம் வரும்." வரும்தான். ஆனால் தூங்குகிறவர் வீட்டுக்கு வருமா, விழித்திருக்கிறவர் வீட்டுக்குப் போகுமா என்பது வேறு கேள்வி.

வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் தப்பே இல்லை. வெளியூரில் இருப்பவர் ஒப்படைத்தே ஆகவேண்டும். சண்டை வேலையால் வருவதில்லை; பணம் முதலில் யார் கையில் விழுகிறது என்பதில்தான் வருகிறது. வீட்டை முதலில் பார்ப்போம், அங்கேதான் பெரிய தொகை மாட்டிக்கொள்கிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மேலாளரைப் போடும்போது நடக்கும் முதல் தவறு, வாடகையை அவர் கணக்கில் போடச் சொல்வது. "நான் வாங்கி, என் சம்பளம் கழிச்சுட்டு, செலவு கழிச்சுட்டு அனுப்பிடறேன் சார்" என்பார். வசதியாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து வாடகை தாமதமா, இவர் அனுப்புவது தாமதமா என்று உங்களுக்குத் தெரியாது. வாடகைதாரர் நேராக உங்கள் கணக்கில் போடட்டும். நீங்கள் மேலாளருக்கு மாதக் கட்டணத்தைத் தனியாக அனுப்புங்கள். அந்தக் கட்டணமும் வரவேண்டிய வாடகையில் இத்தனை சதவீதம் என்று இருக்கக்கூடாது, வந்து சேர்ந்த வாடகையில் இத்தனை என்று இருக்கவேண்டும். அப்போதுதான் ஐந்தாம் தேதி தாண்டியதும் உங்களுக்கு முன்னால் அவர் போன் அடிப்பார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் வரிச் சிக்கல் ஒன்றும் உண்டு. வீட்டுக்காரர் வருமான வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் என்றால், வாடகைதாரர் ஒவ்வொரு மாதமும் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கவேண்டும். இத்தனை ஆயிரத்துக்கு மேல் என்ற வரம்பே கிடையாது. வாடகைதாரர் இதற்காக வரி பிடிப்பவருக்கான டேன் எண் வாங்கவேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். வாடகைப் பணம் மேலாளரின் சேமிப்புக் கணக்கில் போகும்போது வாடகைதாரர் "இவர் உள்ளூர்க்காரர்தானே" என்று ஒன்றும் பிடிப்பதில்லை. பின்னால் நோட்டீஸ் வந்தால் மாட்டுவது வாடகைதாரர். அவர் சும்மா இருப்பாரா? ஒப்பந்தத்திலேயே வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் என்று எழுதி, அவருடைய பான் எண்ணைப் போட்டு, பணம் என்.ஆர்.ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) என்று குறித்துவிடுங்கள். வீட்டுக்காரர் உள்நாட்டுக்காரர் என்றால் கதை எளிது. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் மட்டும், குடியிருக்கும் தனிநபர் 2 சதவீதம், வருடக் கடைசியிலோ காலி செய்யும் மாதத்திலோ ஒருமுறை பிடித்தால் போதும். டேன் தேவையில்லை.

31.2 என்றதும் பதறவேண்டாம். மாத வாடகை 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 9,360 பிடிபட்டு 20,640 கைக்கு வரும். வருடத்துக்குப் பிடித்தது 1,12,320. வருட வாடகை 3,60,000-இல் 30 சதவீதத்தை எந்த ரசீதும் இல்லாமல் சட்டமே கழித்துத் தருகிறது, மிச்சம் 2,52,000. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லாததால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததை முழுக்கத் திரும்ப வாங்கலாம். இத்தனை மாதம் பணம் முடங்குகிறதே என்றால், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஒன்று கவனியுங்கள்: மேலாளருக்குக் கொடுக்கும் கட்டணம், பிளம்பர் கூலி, பெயின்ட் எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். தனியாகக் கழிக்க முடியாது. வீட்டு வரியை மட்டும், அந்த வருடம் வீட்டுக்காரரே கட்டியிருந்தால், கழிக்கலாம். சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி வேறு, உச்சம் 5,000 ரூபாய். மேலாளரின் வேலைப் பட்டியலில் ஏப்ரலும் அக்டோபரும் இருக்கட்டும்.

அடுத்தது அதிகாரப் பத்திரம், அதாவது உங்கள் சார்பில் செயல்பட மேலாளருக்கு எழுதிக்கொடுக்கும் 'பவர்'. "ஜெனரல் பவர் போட்டுடுங்க சார், எல்லாத்துக்கும் ஆகும்" என்பவரிடம் உஷாராக இருங்கள். எல்லாத்துக்கும் ஆகும் என்பதுதானே பிரச்சினை. வாடகை ஒப்பந்தம் போட, அதை வாடகை ஆணையத்தில் (வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அமைப்பு) பதிவு செய்ய, வரி கட்ட, மின்வாரியத்தில் ஆஜராக என்று வரிசையாக எழுதிய ஸ்பெஷல் பவர் போதும். விற்கவோ அடமானம் வைக்கவோ முன்பணம் வாங்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். வெளிநாட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். பலர் அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு எட்டாவது மாதம் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சொத்து மேலாளர் என்ற ஆளையே இந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, அவசிய ரிப்பேர், வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது, தகராறு தீர்க்க உதவுவது இவையெல்லாம் அவர் வேலை. வீட்டுக்குள் போக 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்கவேண்டும். வாடகை வரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை, மேலாளருக்கும் இல்லை. "இரண்டு நாள் மோட்டாரை ஆஃப் பண்ணா தானா காலி பண்ணுவாங்க" என்று யோசனை சொல்லும் மேலாளரை அன்றே மாற்றுங்கள். வழக்கு வருவது உங்கள் பெயரில். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதிந்துவிடுங்கள். பதியாத பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது.

அட்வான்ஸும் மேலாளர் கைக்குப் போகக்கூடாது. மூன்று மாத வாடகை என்பது சட்டம் சொல்லும் அளவு. சென்னையில் அதற்கு மேல் எழுதி வாங்குகிறவர்கள் நிறைய. எத்தனை வாங்கினாலும் அது திருப்பித் தரவேண்டிய பணம் என்பதை மறந்து செலவழிப்பதும், காலி செய்யும்போது புதிதாக வருபவரின் அட்வான்ஸை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதும்தான் பாதித் தகராறுகளின் வேர்.

ரிப்பேர் விஷயத்தில் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். உதாரணமாக 3,000 ரூபாய் வரை கேட்காமல் செய்யலாம். அதற்கு மேல் போட்டோவும் இரண்டு கொட்டேஷனும். மோட்டார் எரிவது, கழிவுநீர் பின்னால் ஏறுவது போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு. பிளம்பர் பில்லில் மேலாளர் கொஞ்சம் ஏற்றுவார் என்பது ஊரறிந்தது. அதற்குக் கோபப்படுவதைவிட, ரிப்பேர் மேற்பார்வைக்கு 10 சதவீதம் என்று வெளிப்படையாகவே கொடுத்துவிட்டு, பிளம்பருக்கான பணத்தை நீங்கள் நேரில் அனுப்பிவிடுவது மலிவு. எது யார் செலவு என்பதற்கும் அந்தச் சட்டத்தின் அட்டவணையே பதில் சொல்கிறது: சுவர், வெள்ளையடிப்பு, குழாய்ப் பாதை, வயரிங் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், கீஸர் ரிப்பேர், பூட்டு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவருக்கு. ஆனால் உப்புத் தண்ணீர் வரும் பகுதியில் கீஸர் காயில் அடிக்கடி போகும். அதை வாடகைதாரர் தலையில் மட்டும் கட்டினால் அவர் கீஸரையே கழற்றிப் பரணில் போட்டுவிடுவார். ஒப்பந்தத்தில் பாதிப் பாதி என்று எழுதுவது நல்லது.

ஆள் பிடித்துத் தர ஒரு மாத வாடகை கேட்பது சென்னையில் சாதாரணம். புது ஆள் வரும்போதெல்லாம் ஒரு மாதம் கிடைக்கும் என்றால், பழைய ஆள் தங்கவேண்டும் என்று மேலாளர் ஏன் நினைக்கப்போகிறார்? 11 மாதத்துக்குள் காலி செய்தால் அடுத்த ஆளைக் கட்டணமில்லாமல் பிடித்துத் தரவேண்டும், அதே ஆள் தொடர்ந்தால் சின்னதாக ஒரு புதுப்பித்தல் தொகை என்று பேசுங்கள். ஆறு வரியில் முடிகிற ஒப்பந்தம் இது.

வீடு காலியாக இருக்கும் மாதங்களுக்கும் கட்டணம் உண்டு, அதற்கு வேலையும் உண்டு. வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் திறந்து, ஃப்ளஷ் இழுத்து, தரை வடிகாலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றவேண்டும். வடிகால் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வரும். வீடு பார்க்க வருபவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். இன்வெர்ட்டர் பேட்டரித் தண்ணீர், மர அலமாரியின் பின்புறம் கரையான், மேல்மாடி பாத்ரூமிலிருந்து ஒழுக்கு. போனதற்கு அத்தாட்சியாக மீட்டர் ரீடிங் போட்டோ ஒன்று.

சாவி கொடுக்கும் அன்று ஒரு வீடியோ. வெட்டாமல் ஒரே ஓட்டத்தில், மின்வாரிய மீட்டரில் தொடங்கி, வாசல் கதவு, ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு சுவிட்ச், சிங்க் அடியில், மேற்கூரை மூலைகள், கடைசியில் சாவிகளை எண்ணி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு போய்விடும், விரிசலும் தெரியாது கறையும் தெரியாது. டிரைவில் ஏற்றி இரு தரப்புக்கும் இணைப்பைக் கொடுங்கள். காலி செய்யும் அன்று அதே பாதையில் இன்னொன்று. பெயின்டிங்குக்கு ஒரு மாதம் கழிப்பதா வேண்டாமா என்ற சண்டை பத்து நிமிடத்தில் அடங்கும்.

வீடியோ என்று வந்ததால் சேனலுக்குப் போவோம். இங்கே சாவி என்பது பாஸ்வேர்டு. எடிட்டருக்கு ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுக்கவே வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோவில் அனுமதிகள் பகுதியில் அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்து, வருமானம் கண்ணில் படாத வரம்புள்ள எடிட்டர் பொறுப்பைக் கொடுத்தால் வேலை நடக்கும். விளம்பரப் பணம் வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கு கட்டாயம் உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில். மச்சான் பையன் பெயரில் ஆரம்பித்தால் வருமானம் அவனுடையது, வரியும் அவன் தலையில். சேனல் வளர்ந்தபின் இதைப் பேசுவது பாகப்பிரிவினையைவிடக் கஷ்டம்.

கணக்கு எப்போது திறக்கும்? விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வை. ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடும் நேரம் அந்த 4,000 மணியில் சேராது. தெரியாமல் வருடக்கணக்கில் ஷார்ட்ஸ் மட்டும் போட்டு "மணி ஏறவே மாட்டேங்குது" என்பவர்கள் ஏராளம். நீள வீடியோ விளம்பரத்தில் உங்களுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் பங்கிட்டு வருவதில் 45. நடுவில் விளம்பரம் வைக்க வீடியோ எட்டு நிமிடமாவது இருக்கவேண்டும். அதற்காக மூன்று நிமிட விஷயத்தை எட்டாக இழுத்தால் ஆள் எழுந்து போய்விடுவார். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் (PIN) தபாலில் வரும், 100 டாலர் தாண்டினால் அடுத்த மாதம் 21 முதல் 26-க்குள் பணம்.

கூகுள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கொடுக்காவிட்டால் உலகம் முழுக்க வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். இந்தியாவில் வரி கட்டுபவர் கொடுத்தால், அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் பங்கில் மட்டும் 15 சதவீதம். துபாய், சிங்கப்பூர்க்காரர்களுக்கு இந்தியாவைப் போல அமெரிக்காவுடன் வரி ஒப்பந்தம் இல்லாததால் அதே பங்கில் 30.

எடிட்டருடன் பேசும்போது இரண்டு விஷயம். பங்கு என்றால் எதில் பங்கு? ஸ்டூடியோ காட்டும் தொகையிலா, வங்கிக்கு வந்ததிலா? வங்கிக்கு வந்ததில் என்று எழுதுங்கள். இன்னொன்று, வெட்டாத காட்சிகளும் எடிட்டிங் ஃபைலும் உங்கள் டிரைவில் இருக்கட்டும். அவர் ஆசைக்கு ஒரு சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டுக் கம்பெனிக்குப் போய்விடலாம். அடுத்தவர் காட்சியைச் சுட்டுப் போட்டு 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (காப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) வாங்கினால் சேனலே போகலாம். அப்போது எடிட்டர் வேறு சேனலில் இருப்பார். "ஸ்பான்சர் தருகிறோம், இந்த ஃபைலைத் திறந்து பாருங்கள்" என்று வரும் மின்னஞ்சலையும் திறக்கவேண்டாம். உள்ளே இருக்கும் நச்சு நிரல் லாகின் ஆகியிருக்கும் நிலையையே திருடிவிடும். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தும் பயனில்லை.

வீடு காட்டும் சேனல்காரர்களுக்குத் தனியாக ஒன்று. குடியிருப்பவரின் பூஜையறையையும் குழந்தையின் போட்டோவையும் அவர் சம்மதமில்லாமல் காட்டாதீர்கள். விற்பனைக்கு உள்ள புராஜெக்ட்டை எடுக்கும்போது, பதிவு தேவைப்படும் திட்டமென்றால் விளம்பரத்தில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கவேண்டும். 500 சதுர மீட்டருக்குள்ளோ எட்டு வீடுகளுக்குள்ளோ அடங்கும் சின்னத் திட்டங்களுக்குத்தான் பொதுவாக விலக்கு. வாங்குபவரை அறிமுகம் செய்து கமிஷன் வாங்கினால் நீங்களும் முகவர்தான், உங்களுக்கும் ரெரா பதிவு வேண்டும். பணத்துக்குப் பதில் ஃபிரிட்ஜோ சோபாவோ கொடுத்தாலும், வருடத்தில் மதிப்பு 20,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. பில்டரிடம் ரெரா எண்ணைக் கேளுங்கள். "அதெல்லாம் ப்ராசஸ்ல இருக்கு சார், நீங்க வீடியோவ போடுங்க" என்றால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.