ஒரே யோசனை

"பிள்ளை ஒரே யோசனை, டொக்டர்" என்றுதான் அம்மா சொன்னா. "யோசிக்கிற வயசுதானேம்மா, யோசிக்கட்டும்" என்று தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் அந்த டாக்டர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வெளியே அவ்வளவு பெரிய வரிசை. ஆனால் இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்களின் பேச்சில் யோசனை என்றால் கவலை. உள்ளுக்குள் கிடந்து அரிக்கிற கவலை. "யோசியாதை" என்றால் கவலைப்படாதே என்று அர்த்தம். மூன்று வாரமாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, பத்துக்குப் பத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த என் தம்பியைப் பற்றி, தன்னிடம் இருந்ததிலேயே பெரிய சொல்லை அம்மா சொன்னா. தமிழிலிருந்து தமிழுக்குப் போவதற்குள்ளேயே அது தொலைந்துவிட்டது.

1990-இல் இலங்கையின் மன்னார் பக்கம் பேசாலையிலிருந்து வள்ளம் ஏறி தமிழ்நாட்டுக்கு வந்த அகதிக் குடும்பம் எங்களுடையது. முதலில் மண்டபம் அகதி முகாம், பிறகு இப்போது இருக்கும் முகாம். தம்பி 1996-இல் இங்கேதான் பிறந்தான். வீட்டுக்குள் "ஓம்" என்பான். முகாம் கேட்டைத் தாண்டினால் அது "ஆமா" ஆகிவிடும். "கதைக்கிறது" "பேசுறது" ஆகிவிடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பள்ளிக்கூடம் போன முதல் வருடமே தானாகக் கற்றுக்கொண்டான்.

ஒருமுறை கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மனநலக் கணக்கெடுப்பு என்று வந்தார்கள். நல்ல பிள்ளைகள், பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள். முதல் கேள்வியே, "போரில் என்ன பார்த்தீர்கள்?" தம்பி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போரைப் பார்த்ததில்லை, கடலைக் கடந்ததில்லை. அவன் பார்த்ததெல்லாம் பொறியியல் முடித்த பிறகு மூன்று இடத்தில் நேர்முகத் தேர்வில் தேறி, பாஸ்போர்ட் கேட்டதும் பேச்சு நின்றுபோனதை. அதன் பிறகு பக்கத்து வீட்டு அண்ணாவோடு பெயிண்ட் வேலைக்குப் போனான். சாயங்காலம் தின்னரைத் துணியில் தொட்டுத் தொட்டு நகக்கண்ணைத் தேய்ப்பான். நகம் சுத்தமான பிறகும் தேய்ப்பான். அது நோய் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

சட்டம் இப்படி: 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தினருக்கு. அதில் நாங்கள் இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் வாக்களித்தார். அந்தச் செய்தியைத் தம்பி போனில் எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கில்லை. அவன் பிறந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து.

2021-இல் அப்போதைய முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தார். முகாமின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, புது வீடுகள் வந்தன. மனசார நன்றி சொல்கிறேன், மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் வளர்ந்தவளுக்குத் தான் அதன் அருமை தெரியும். அப்போதைய கணக்குப்படி முகாம்களில் 58,000 பேருக்கு மேல். இவர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் போய்ப் போர்க் காயத்தைத் தேடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் தம்பி மாதிரி ஒருவன் முப்பது வயதை நெருங்குகிறானே, அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. கேட்க வருகிறவர் யார் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். ஃபைலோடு வருகிற யாரைப் பார்த்தாலும் எங்களைக் கண்காணிக்கிற கியூ பிரிவு போலீஸோ என்றுதான் முதலில் தோன்றும். தம்பியும் அதைத்தான் கேட்டான்: "நான் சொல்றது எங்க போகும் அக்கா?" 2017 மனநலச் சட்டம் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொரு நபருக்கும் தருகிறது, குடிமகனுக்கு மட்டும் என்று அதில் இல்லை. சொன்னதை ரகசியமாகக் காக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. ஆலோசகர் வாய் திறந்ததும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். முகாமில் எங்களை ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் வரக்கூடாது. டாக்டர் மறுபடி வரச்சொன்ன தேதியே எங்களுக்குச் செக்கிங் நாளில் விழுந்து, மனசுக்கு மருந்து வாங்க வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யிடம் காரணம் சொல்லி நின்றோம். முகாமிலேயே படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் அக்காமார் எத்தனையோ பேர், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுத்தால் என்ன? அதுவரை 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண் இருக்கிறது. காசில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இதைப் படிக்கும் முகாம் பிள்ளைகள் நம்பரைச் சேமித்து வையுங்கள்.

இரண்டாம் தடவை வேறொரு டாக்டர், பெண். அம்மா அதே சொல்லைத்தான் சொன்னா. நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்: "யோசனைன்னா எப்படிம்மா? எந்த நேரத்துல வருது?" அம்மா தம்பியைப் பார்த்தா.

"விடிய நாலு மணிக்கு" என்றான் அவன்.

"எழுந்து உட்கார்ந்துடுவியாப்பா?"

"ஓம்" என்றான்.