காட்டுக்குளியலுக்குத் துண்டு எதற்கு?

(ஒரு பெரிய மரத்தடி. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக வந்து நிற்கிறான்.)

தம்பி: குளம் எங்கே அக்கா?

அக்கா: எந்தக் குளம்?

தம்பி: காட்டுக்குளியல் என்றுதானே வரச் சொன்னாய்?

அக்கா: அது தண்ணீரில் குளிப்பது இல்லைடா. மரங்களுக்கு நடுவே சும்மா இருந்து, கண்ணையும் காதையும் மூக்கையும் திறந்து வைப்பது. 1982இல் ஜப்பான் வனத்துறை வைத்த பெயர்.

தம்பி: சும்மா இருக்க ஓர் அரசாங்கத் துறையா! அங்கே ஆள் எடுக்கிறார்களா?

அக்கா: உட்கார். ராத்திரியெல்லாம் தூங்காமல் மேலதிகாரியோடு மனதுக்குள் சண்டை போடுகிறாயே, அதற்குத்தான் இது.

தம்பி: எவ்வளவு நேரம்?

அக்கா: இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள், போகவே போகாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொன்னார்களாம். ஒரேயடியாக இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி.

தம்பி: பிரிக்கலாமா? அப்படியென்றால் இன்றைக்கு 3 நிமிடம். பாக்கி 117ஐத் தவணையில் கட்டிவிடுகிறேன்.

அக்கா: (துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து) கண்ணுக்குத் தெரிகிற 5 பொருளைச் சொல்.

தம்பி: மரம், மரம், மரம், மரம், நீ.

அக்கா: ஒரே மரத்தை நாலு தரம் எண்ணுகிறாய். அந்த இலையைப் பார். மேலே கரும்பச்சை, அடியில் வெளுப்பு.

தம்பி: அட, ஆமாம். மேல்பக்கத்துக்கு மட்டும் சாயம் அடித்துச் சிக்கனம் பண்ணியிருக்கிறார்கள்.

அக்கா: இப்போது 4 பொருளைத் தொடு.

தம்பி: மரப்பட்டை, சொரசொரப்பு, அப்பாவின் குதிகால் மாதிரி. புல், குளிர்ச்சி. (பளார்!) கொசு. இதுவும் தொடுதல் கணக்கில் சேருமா?

அக்கா: கொசுவைக் கேள். சரி, கண்ணை மூடு. என்ன கேட்கிறது?

தம்பி: இலை. ஏதோ ஒரு பறவை. அப்புறம் மேலதிகாரி.

அக்கா: அவர் எங்கே வந்தார்?

தம்பி: மண்டைக்குள். ‘நாளைக் காலைக்குள் வேண்டும்’ என்கிறார்.

அக்கா: பேசட்டும், நீ பதில் சொல்லாதே. திரும்பவும் பறவையைக் கேள்.

தம்பி: (கொஞ்ச நேரம் கழித்து) இதுவும் சொன்னதையேதான் சொல்கிறது அக்கா. ஆனால் இது சொன்னால் கோபம் வரவில்லை.

அக்கா: மூக்குக்கு?

தம்பி: ஈர மண் வாசனை. ஆகா, எவ்வளவு சுத்தம்!

அக்கா: அதற்குக் காரணம் ஜியோஸ்மின். மண்ணில் இருக்கும் பாக்டீரியா உண்டாக்குவது.

தம்பி: கிருமியையா இவ்வளவு ஆசையாக மோந்தேன்?

அக்கா: லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

தம்பி: ஒரு வாரமாகத் துவைக்காத காலுறையை என் மூக்கு கண்டுபிடிக்கவில்லையே?

அக்கா: நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்.

(மௌனம். நிஜமான மௌனம், அக்காவே பயந்து திரும்பிப் பார்க்கிறாள். தம்பி குப்புறப் படுத்திருக்கிறான்.)

அக்கா: டேய், என்ன ஆயிற்று?

தம்பி: உஷ்! என் கொசு. ஆறேழு எறும்புகள் தூக்கிக்கொண்டு போகின்றன.

அக்கா: உன் மேலதிகாரி?

தம்பி: இதோ, கொசு மேல் ஏறிச் சவாரி போகிறார்.

அக்கா: (செருப்பை மாட்டிக்கொண்டு) சரி, எழுந்திரு. 40 நிமிடம் ஆயிற்று. வீட்டில் வேலை கிடக்கிறது.

தம்பி: இரு அக்கா. சவ ஊர்வலம் பாதியில் நிற்கிறது. இறக்கை ஒரு சருகில் மாட்டிக்கொண்டது.

அக்கா: (குனிந்து) எந்தச் சருகு?