18 வயது போதாது

கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) ஆக 10ஆம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும் என்று ஒரு கட்டுரையில் வந்திருக்கிறது. வயதைத் திருத்துங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர், தட்டச்சருக்குத்தான் 18. விஏஓவுக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். இன்னொன்று, விஏஓ வருவாய்த் துறை ஊழியர். ஊராட்சிச் செயலர் பணி வேறு, அதற்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு கிடையாது.

குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், நேர்முகத் தேர்வு இல்லை. பலர் சறுக்குவது பொது அறிவில் என்று நினைக்கிறோம். ஆனால் முதல் தடை தமிழ்தான். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி 100 கேள்விகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே 6 முதல் 10 வரையுள்ள பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை முதலில் முடியுங்கள், இலக்கணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கும் திறனறிவும் 25 கேள்வி, தினமும் போட்டுப் பழகினால் கைகொடுக்கும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எனவே விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' வட்டத்தை நிரப்புவதைவிட, யோசித்து ஒன்றைத் தேர்வு செய்வதே லாபம். எதையும் வெறுமனே விடாதீர்கள்.

தமிழ்வழி 20% ஒதுக்கீடு கேட்பவர்கள் கவனம்: 10ஆம் வகுப்புச் சான்று மட்டும் செல்லாது. 1 முதல் 10 வரை தமிழில் படித்ததற்கு, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வேண்டும். பழைய தொடக்கப்பள்ளிக்கு இப்போதே போய் வாருங்கள்.